ஒல்லாந்துக்காரியின் லாச்சி

மார்ச் 5, செவ்வாய்
நான் துப்புரவு வேலை செய்கிற நாடக மண்டபத்துக்கு ஒல்லாந்தில் இருந்து ஒரு கலைக்காரி வந்திருக்கிறா. லீஸ்பெத். எழுபது வயது. முதலில் ஆட்டக்காரியாம். இடுப்பு முறிந்ததும் தச்சு வேலை பழகினாவாம், பேந்து பாட்டு. இப்போது எல்லாவற்றையும் சேர்த்து மேடையில் செய்கிறா. ரிக்கெற் விற்கிற எங்கட தமிழ்ப் பிள்ளை றொசானா சொன்னது. இந்தக் குளிரிலும் வெறுங்கால். எனக்கு அறுபத்தொன்று, பஸ் ஏறவே மூச்சு வாங்குகிறது.

மார்ச் 7, வியாழன்
மகள் ஷெரோன் ரெலிபோன் எடுத்தாள். "அம்மா, அப்பாவின்ரை உடுப்புகளை ஞாயிற்றுக்கிழமைக்குள்ள எடுத்து வையுங்கோ. மாதா கோயில்ல சேர்க்கினம்." ஓம் என்றேன்.
இவர் போய் ஐந்து மாதம். அலுமாரியின் இழுப்புப் பெட்டிகளில் இவருடைய லாச்சியை நான் இன்னும் இழுக்கவில்லை. உள்ளே இவரின் வாசம் இருக்கும் — திறந்தால் அதுவும் போய்விடுமே.

மார்ச் 8, வெள்ளி
"கக்கூஸ் கழுவிப்போட்டு வாறன்" என்று றொசானாவிடம் சொன்னேன். பக்கத்தில் நின்ற லீஸ்பெத் விழுந்து விழுந்து சிரித்தா. எனக்கு வெட்கம். றொசானா பிரெஞ்சில் விசாரித்தாள்.
"அன்ரி, கக்கூஸ் அவையின்ரை ஒல்லாந்துச் சொல்லாம்."
"எங்களை ஆண்டுபோட்டு இதைத்தானோ விட்டிட்டுப் போனவை?"
அதையும் சொல்லிவிட்டாள். லீஸ்பெத்துக்குச் சிரித்துக் கண்ணீர். பிறகு தங்கட சொல் வேறெது என்று பார்க்க, சாமான்களைத் தொட்டுத் தொட்டுத் தமிழில் பெயர் சொல்லச் சொன்னா. கதிரை — இல்லையாம். ஒபிஸ் கதவைத் தொட்டு, கந்தோர் — ஓம். மேடையில் அவவே செய்த அலுமாரி, பன்னிரண்டு லாச்சி. ஒன்றைத் தொட்டு "லாச்சி" என்றேன். "லாட்யெ" என்றா. என் கையைப் பிடித்தா. அவவின் விரலெல்லாம் உளித் தழும்பு.
எத்தனை நூறு வருசம். அவவின் சொல் என் வாயில் இருந்திருக்கிறது.

மார்ச் 9, சனி
மண்டபத்தின் பின்னால் நின்று அவவின் நிகழ்ச்சியைப் பார்த்தேன். ஒவ்வொரு லாச்சியும் செத்துப்போன ஒருவருக்காம். திறந்து, தலையை உள்ளே விட்டுப் பாடுகிறா. லாச்சிக்கு லாச்சி குரல் மாறுகிறது. பன்னிரண்டாவது இறுகிவிட்டது. இழுக்கிறா, காலால் உதைந்து இழுக்கிறா, அலுமாரியோடு சேர்ந்து சுழல்கிறா. அந்த முறிந்த இடுப்போடு! திறந்தது. வெறும் லாச்சி. அதற்குள் முகத்தை வைத்து ஒரு பெயரை மட்டும் கூப்பிட்டா. கடவுளே, ஒரு மனிசியால் இப்படியும் ஏலுமா?
முடிந்ததும், றொசானாவை மொழிபெயர்க்க வைத்து, "என்ரை வீட்டிலும் ஒரு லாச்சி இருக்கு" என்றேன்.
"பூட்டோ?"
"பூட்டில்லை. நான்தான்."
யோசித்துவிட்டுச் சொன்னா: "ரெண்டு கையாலயும் இழுக்க வேணும். ஒரு கையால இழுத்தா கோணும்."

மார்ச் 10, ஞாயிறு
பூசை முடிந்து வந்து இழுத்தேன். இவரின் வாசம் இல்லை. பூச்சி உருண்டை வாசம்தான். ஐந்து மாதமாக இதற்கோ பயந்தேன்? முகத்தை உள்ளே வைத்தேன். முப்பத்தெட்டு வருசமாக 'இஞ்சருங்கோ' என்றுதான் கூப்பிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, பெயர் சொல்லி அழுததும் இல்லை.
பத்திநாதர். பத்திநாதர். பத்திநாதர்.
வாசலில் ஷெரோன். "ஆரோட கதைக்கிறியள், அம்மா?"
"கொப்பாவோட."
அவளும் வந்து பக்கத்தில் இருந்தாள். இருவருமாக மடித்தோம். ஒன்பது சேட்டு, மாதா கோயிலுக்கு.

மார்ச் 12, செவ்வாய்
லீஸ்பெத் ஊருக்கு வெளிக்கிட்டுவிட்டா. இவருடைய லாச்சியில் என் கம்பளிக் காலுறைகளை வைத்தேன். இடம் நிறைய இருக்கிறது.