நம்பர் போடாத டின்கள்

ஈப்போ,
செப்டம்பர் 1987

அன்புள்ள அத்தானுக்கு,

மாதா புண்ணியத்தில் நானும் மகள் பியாட்ரிஸும் உடம்புக்குச் சுகம். சிங்கப்பூரில் நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டுகிறேன். மனசு சுகமா என்று கேட்காதீர்கள், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். முதலில் ஒன்று. இதைப் படித்ததும் உங்கள் தம்பி பெர்னார்டை ஃபோனில் கூப்பிட்டு, நம் போட்டோ ஸ்டூடியோவின் பின் அறையில் இருந்த எதையும் தொடக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் அவன் காதில் ஏறவில்லை. உங்கள் வேலையிடத்துக்கு ஃபோன் போட்டு நாலு பேர் கேட்க இதையெல்லாம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைக்குக் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் செய்ய வேண்டியதைப் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பியிருந்தீர்கள். ஒவ்வொரு நெகட்டிவுக்கும் நம்பர், ஆள் பெயர், ஊர், வருஷம். ஒரே ஆளை இரண்டு பெயரில் எழுதக் கூடாது. நம்பர் இல்லாததைக் கழித்துவிட வேண்டும். மெஷினை வாங்கி வைத்துவிட்டு முழிப்பதைவிட முன்கூட்டியே யோசிப்பது நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் நம்பர் போட்ட அலமாரியை மட்டும் மனசில் வைத்துத் திட்டம் போட்டுவிட்டீர்கள். பின் அறையில் இருந்த மூன்று பிஸ்கட் டின்களை மறந்துவிட்டீர்களா, இல்லை நினைக்கவே பிடிக்கவில்லையா?

உங்கள் அப்பா கஸ்பார் மாமா கடை திறந்த காலத்து வழக்கம் அது. கல்யாண நெகட்டிவும் சாவு வீட்டு நெகட்டிவும் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது, ஒரே வரிசையில் நம்பரும் வாங்கக் கூடாது என்பார். எந்த வீட்டு மணப்பெண்ணும் ஒரு பிரேதத்துக்கு அடுத்த நம்பராக நிற்க வேண்டாமாம். அதனால் தோட்டம் தோட்டமாகப் போய், சவப்பெட்டியை மூடுமுன் எடுத்த படங்களெல்லாம் உறையில் பெயர் மட்டும் எழுதி டின்னுக்குள் போய்விட்டன. உங்கள் திட்டப்படி அவை அத்தனையும் குப்பை.

போன செவ்வாய்க்கிழமை நான் மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பெர்னார்ட் ஒரு டின்னைப் பின்சந்தில் கொட்டிக் கொளுத்திவிட்டான். நான் வரும்போது சந்து முழுக்கக் கரும்புகை. பக்கத்துக் காப்பிக்கடைச் சீனர் கத்திக்கொண்டிருந்தார். இவனோ, "அண்ணே எழுதுனதத்தானே செஞ்சேன் அண்ணி, நம்பர் இல்லாத சாமான வச்சி என்னா செய்யிறது, தூக்கிப் போட்டு புவாங் பண்ணிறலாம்லா" என்கிறான். நல்ல பிள்ளைதான், சொன்னதைச் செய்தான். மற்ற இரண்டு டின்களையும் வீட்டுக்குத் தூக்கிவந்து கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருக்கிறேன். பியாட்ரிஸ் கேட்டதற்குப் பழைய துணி என்று சொன்னேன். மாதக் கடைசியில் கம்ப்யூட்டர் ஆள் பார்க்க வருவதற்குள் அவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று பெர்னார்ட் தினமும் கேட்கிறான். வாசலில் அவன் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே கட்டில் விரிப்பைத் தரைவரை இழுத்துவிடுகிறேன்.

மறுநாளே பீடோரிலிருந்து ராக்காயி அக்கா வந்தார். அவர் இருந்த தோட்டத்தை விற்று, லயத்து வீடுகளை இடித்து, இடுகாட்டின் மேலேயே செம்பனை நட்டுவிட்டார்களாம். "குழி எங்கன்னே தெரியல ரோசம்மா, அவரு மொகத்தையாச்சும் ஒரு படம் போட்டுக் குடு" என்றார். எரிந்துபோன டின்னில் அவர் வீட்டுக்காரர் இருந்திருந்தால் இந்த மனுஷிக்கு என்ன பதில் சொல்வது? ஒரு டின்னைத் திறந்து அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லிக்கொண்டே தேடினேன். நல்லவேளை, அடியில் இருந்தார். அக்கா அழுதார், நானும் கூடவே அழுதேன்.

நான் எதற்கு அழுதேன் என்று உங்களுக்குத் தெரியும். அந்த டின்னில் ஒவ்வொரு உறையின் பெயரையும் படித்தேன். நம் ஐவி இல்லை.

ஊருக்கெல்லாம் படம் எடுத்த கடை நம்முடையது. பிறந்த மாதமே போய்விட்ட பிள்ளைக்கு உயிரோடு ஒரு படம் இல்லை. கடைசியில் நீங்கள் எடுத்த அந்த ஒன்றுதான். பிறகு பிரிண்ட் போட்டுக்கொள்ளலாம் என்று டின்னில் வைத்தீர்கள். ஆறு வருஷமாக நானும் கேட்கவில்லை, நீங்களும் பேசவில்லை. இப்போதெல்லாம் அவள் மூக்கு எப்படி இருந்தது என்று யோசித்தால் சரியாக வருவதில்லை, அத்தான். எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னும் ஒரு டின் பாக்கி. அதில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அன்றைக்குச் சந்தில் போயிருப்பாள். மூடியில் கை வைப்பேன், எடுத்துவிடுவேன். திறக்காதவரை இருக்கிறாள் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் திட்டத்தில் இன்னொரு பக்கம் சேருங்கள். துக்கப் படங்களுக்குத் தனி வரிசை, தனி நம்பர். சொந்தக் குடும்பத்துக்குத் தவிர வேறு யாருக்கும் காட்டக் கூடாது. எரிக்கவே கூடாது. மாமா சொன்ன முறையும் கெடாது, மெஷினும் கோபித்துக்கொள்ளாது. ஆனால் அதற்கு முன் ஒருமுறை பஸ் ஏறி வந்துவிட்டுப் போங்கள். அந்த மூடியை நான் தனியாகத் திறக்க மாட்டேன். வழித்துணையாக மாதா கூட வந்து உங்களை வீடு சேர்க்கட்டும்.

உங்கள்
ரோசம்மா

பி.கு.: அன்றைக்கு உறையில் அவள் பெயரை எழுதினீர்களா? நான் பார்த்த டின்னில் பெயரே எழுதாத உறைகளும் சில இருந்தன. ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு கைக்குழந்தை. நெகட்டிவில் எல்லாப் பிள்ளையும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. அவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. நீங்கள் வந்து சொல்லுங்கள்.