ஒருத்தி வந்தாலும் வகுப்பு

அக்கா,

இன்று உங்களுடைய கடைசிச் சேலையை வெட்டக் கொடுத்துவிட்டேன். கோபிக்க வேண்டாம். கோபித்தாலும் எனக்குக் கேட்கிற தூரத்தில் நீங்கள் இல்லை.

புதிய மாணவர் தொகுதி இன்றுதான் தொடங்கியது. தையலுக்கு வருகிற பிள்ளைகள் முதல் நாள் எதைத் தைக்க வேண்டும் என்று நீங்கள் போட்ட சட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது. கரும்பலகை துடைக்கிற டஸ்டர். பழைய சேலைத் துண்டை மடித்து, உள்ளே வெட்டுத் துணி அடைத்து, ஓரம் அடித்தால் முடிந்தது. "முதல் தையல் கோணலாத்தான் வரும். அதைச் சட்டையில போட்டால் பிள்ளையள் அழுவினம். டஸ்டரில போட்டால் ஆர் பாக்கப் போகினம்?" என்பீர்கள். அதற்காகவே உங்கள் பழைய சேலைகளை ஒவ்வொன்றாக அலுமாரியில் கொண்டுவந்து வைத்தீர்கள். இத்தனை காலமும் அவைதான் வெட்டுப்பட்டன.

வகுப்பு தொடங்கும்போது துணி இல்லை என்று அலுமாரியின் அடித்தட்டில் கையை விட்டேன். அந்தக் கத்தரிப்பூ நிறப் பருத்திச் சேலை வந்தது. விரித்தேன். நீலகிரித் தைலம் மணத்தது அக்கா. முழங்காலுக்குப் பூசிப் பூசி ஊரையே மணக்க வைப்பீர்களே, அதே மணம். நான் அதை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றதைப் புதுப் பிள்ளைகள் கண்டிருப்பார்கள். கிழவிக்கு முதல் நாளே ஏதோ பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

இந்தக் கல்லூரியைத் தொடங்கியபோது அதற்கு நாம் இருவரும் எந்தவிதத்திலும் பொருத்தமானவர்கள் இல்லை. நீங்கள் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் கந்தோரில் தட்டச்சு அடித்தவள். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில் உங்கள் சித்தப்பாவின் மேல்மாடி சும்மா கிடந்தது. சாதாரண தரப் பரீட்சையில் தவறியவர்கள், காலி வீதித் துணிக்கடைகளில் நிற்கிற பிள்ளைகள், தோட்டப் பகுதிகளிலிருந்து வந்து வீட்டு வேலை செய்கிறவர்கள், இவர்களுக்கெல்லாம் பின்னேரத்தில் தையலும் நோயாளர் பராமரிப்பும் பேச்சுச் சிங்களமும் சொல்லிக் கொடுக்க ஓர் இடம் வேண்டும் என்றீர்கள். 'சமூகக் கல்லூரி' என்று பலகை எழுதி மாட்டினோம். ஒழுங்கைக்காரர் அதை இன்னொரு டியூட்டரி என்று நினைத்துக் கணக்குப் பாடம் உண்டா என்று விசாரித்தார்கள். கரையோரத் தண்டவாளத்தில் ரயில் போகும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு அது கடந்துபோகும்வரை காத்திருப்போம். பிள்ளைகள் உங்களைப் பெரிய மிஸ் என்றார்கள். என் தலை நரைத்த பிறகும் நான் சின்ன மிஸ்தான்.

உங்களுடைய இன்னொரு சட்டம் பிறந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. யுத்த காலம். காலையில் எங்கேயோ குண்டு வெடித்து, வழியெல்லாம் சோதனை. பின்னேரம் ஒருவரும் வரமாட்டார்கள் என்று நான் கதவைப் பூட்டத் திறப்பை எடுத்துவிட்டேன். அப்போது ஒரு பிள்ளை படியேறி வந்தாள். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறக்கி, அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கொஹேத யன்னே?", எங்கே போகிறாய், என்று கேட்டார்களாம். "கொலேஜ் யனவா", கல்லூரிக்குப் போகிறேன், என்று சிங்களத்தில் பதில் சொன்னாளாம். நான் சொல்லிக் கொடுத்த சிங்களம். அதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நீங்கள் என் கையிலிருந்த திறப்பை வாங்கி மேசையில் வைத்தீர்கள். முழு வகுப்பும் அவள் ஒருத்திக்கு நடந்தது. போகும்போது என்னிடம் சொன்னீர்கள்: "எடியே, இனி ஒருத்தி வந்தாலும் வகுப்பு. இவ்வளவு பாடுபட்டு வாற பிள்ளை பூட்டின கதவைப் பாக்கக் கூடாது."

நல்ல சட்டம்தான். அந்தச் சட்டத்தைப் பற்றிப் பெருமைப்பட்டு எத்தனை பேரிடம் கதைத்திருக்கிறேன் தெரியுமா? இன்று அந்தப் பெருமை இல்லை.

கொரோனா வந்தபோது ஊரே மூடியதால் நாமும் மூடினோம். தொலைபேசியில் நீங்கள் கழுத்து அளவும் கை அளவும் சொல்ல, அந்தப் பக்கம் பிள்ளைகள் பழைய பேப்பரில் வெட்டிப் பார்த்தார்கள். அது ஒருமாதிரிக் கடந்துபோனது. அடுத்து வந்த பொருளாதார நெருக்கடிதான் நம்மை நாராகக் கிழித்தது. பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, கரண்ட் இல்லை. எங்கே பார்த்தாலும் வரிசை. மின்சாரத் தையல் மெஷின்கள் எல்லாம் உறையோடு தூங்கின. நான் பலமுறை விற்கச் சொல்லி நச்சரித்த பழைய கால் மெஷின்கள்தான் ஓடின. "பாத்தியா?" என்று ஒரே ஒரு சொல் சொன்னீர்கள். அந்தச் சொல்லில் இருந்த குத்தலை இன்றைக்கும் மறக்கமாட்டேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து என்னால் தினமும் வர முடியவில்லை. புறக்கோட்டைவரை நடந்து, அங்கே பஸ்ஸில் தொங்கி வருவதற்கு என் உடம்பு இடம் கொடுக்கவில்லை. கிடைத்த நாட்களில் வந்தேன். வராத நாட்களில் பொழுதுபட்டதும் அழைப்பேன்.

"ஆராவது வந்தவையே அக்கா?" என்று உங்கள் பாணியிலேயே கேட்பேன்.

"ஓமடி. ஒருத்தி வந்தவள்."

எப்போது கேட்டாலும் ஒருத்தி. சில நாள் துணிக்கடைப் பிள்ளை, சில நாள் மாளிகாவத்தைப் பிள்ளை. ஒருவரும் வராத நாள் என்று ஒன்று இருந்ததில்லை. அதை ஒரு நாள்கூட நான் வியந்து யோசிக்கவில்லை. உங்கள் ராசி என்று நினைத்தேன்.

"உங்கட ஒராள் கல்லூரி எப்படிப் போகுது?" என்று பகிடி பண்ணினால், "ஒரு பிள்ளைக்கு ஒரு பிரின்சிபல். லண்டனிலகூட இல்லை, போய் விசாரி" என்பீர்கள்.

புதன்கிழமைகளில் களுபோவில ஆஸ்பத்திரியில் உங்களுக்கு கிளினிக். சீனி வருத்தமும் சிறுநீரகமும். முன்பெல்லாம் விடியவே ஓட்டோவில் போய், மருந்தும் எடுத்துக்கொண்டு, வகுப்பு நேரத்துக்குத் திரும்பி விடுவீர்கள். ஓட்டோக்கள் பெற்றோல் வரிசையில் நின்ற நாட்களில் அது நடக்கிற காரியமா? போனால் வகுப்புக்குத் திரும்ப முடியாது. நான் கேட்டபோது, "மருந்து கிடக்குதடி, பிறகு பாப்பம்" என்றீர்கள். நீங்கள் சொன்னால் நம்புகிறவள் நான். வங்கிக்காரி கணக்குத் தப்பமாட்டாள் என்று இருந்துவிட்டேன்.

பிறகு ஒரு நாள் படியேற முடியாமல் நடுப்படியில் உட்கார்ந்துவிட்டீர்கள் என்று தகவல் வந்தது. வார்டில் இளம் டொக்டர் ஒருவர் உங்கள் கிளினிக் கொப்பியைப் புரட்டிவிட்டு, ஏன் இவ்வளவு காலம் இவர் வரவில்லை என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டார். ஊருக்கே பேச்சுச் சிங்களம் படிப்பித்த நான், பெற்றோல் இல்லை என்று இரண்டு சொல்லில் முடித்தேன். அவர் போனதும் உங்கள் பக்கம் திரும்பினேன். கால் இரண்டும் வீங்கி, முகம் மஞ்சளாகி, அப்போதும் எனக்கே நியாயம் சொன்னீர்கள்.

"என்னடி செய்ய? பிள்ளை ஒண்டு வந்து கதவடியில நிக்கும் எல்லோ? தினமும் ஆரோ ஒருத்தி வாறாள். அந்தச் சீவன் வருகுது, நான் வராமல் இருக்கேலுமே?"

அதற்கு மேல் அதைப் பற்றி நாம் பேசவில்லை. மழை தொடங்க முன்னமே போய்விட்டீர்கள். உங்களை நினைத்துப் பெருமையோடுதான் அழுதேன். பிள்ளைகளுக்காக வாழ்ந்தார், பிள்ளைகளுக்காகப் போனார் என்று நினைவுக் கூட்டத்தில் பேசினேன். எல்லாரும் கண்ணைத் துடைத்தார்கள். மாளிகாவத்தைப் பிள்ளை சஃப்ரினாதான் எல்லாரையும்விடக் கூடுதலாக அழுதாள்.

அவள்தான் இப்போது நம்முடைய தையல் மிஸ். பார்த்தால் பெருமைப்படுவீர்கள். கத்தரிக்கோலை உங்களைப் போலவே பிடிக்கிறாள், உங்களைப் போலவே அதட்டுகிறாள். இன்று சேலையை அவளிடம் கொடுத்தேன். அவளும் முதலில் முகர்ந்துதான் பார்த்தாள். வெட்டத் தொடங்கியபோது, தன்பாட்டில் சிரித்துக்கொண்டு சொன்னாள்:

"இந்தச் சாரிதான் மிஸ், நான் முறைக்கு வாற நாள் எல்லாம் பெரிய மிஸ் உடுத்திருப்பாங்க."

"என்ன முறை?" என்றேன்.

"ஒங்களுக்குத் தெரியாதா? பெற்றோல் இல்லாத நேரம் நாங்க முறை போட்டுத்தானே வந்த. ஃபோன்ல ஒரு குரூப் வெச்சிருந்தோம், மிஸ்மார் இல்லாத குரூப். பெரிய மிஸ் எப்பிடியும் வந்து கதவத் தொறந்துட்டு தனிய குந்திட்டு இருப்பாங்களே, பாவம் எண்டு. நாளைக்கி யாரு, நாளண்டைக்கி யாரு எண்டு பிரிச்சிக்குவோம். உம்மா காஸ் வரிசையில நிப்பா, வீட்ல அடுப்பு எரியாது, தைக்க மனசே வராது மிஸ். ஆனா ஒராளாவது போகோணும் எண்டு வந்துருவோம். பம்பலப்பிட்டியில எறங்கி நடந்து வந்திருக்கேன் எத்தனையோ நாள்."

சொல்லிவிட்டு வெட்டுவதில் கண்ணாக இருந்தாள். நான் பக்கத்து வாங்கில் உட்கார்ந்தேன். நல்ல வேளை, அப்போது ஒரு ரயில் போனது. அது போய் முடியும்வரை நான் பேசத் தேவையில்லாமல் போயிற்று.

அக்கா, விளங்குகிறதா? நீங்கள் தனியே இருப்பீர்களே என்று அவர்கள் வந்தார்கள். அவர்கள் வந்து நிற்பார்களே என்று நீங்கள் வந்தீர்கள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், "பெரிய மிஸ், நாளைக்கு ஒருத்தரும் வரமாட்டோம், நீங்க வீட்ல இருங்க" என்று ஒருத்தி சொல்லியிருந்தால் உங்களுக்கு உள்ளூர எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! "பிள்ளையள், புதன்கிழமை எனக்கு ஆஸ்பத்திரி, வராதேங்கோ" என்று நீங்கள் சொல்லியிருந்தால் அவர்கள் ஆளுக்கொரு சோற்றுப் பார்சலோடு வந்து உங்களை ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். மனம் நோகும் என்று அவர்கள் சொல்லவில்லை. பிள்ளைகளின் படிப்பு கெடும் என்று நீங்கள் சொல்லவில்லை. அன்பு அதிகமானால் வாய் அடைத்துப்போகுமா? எனக்கு உங்கள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. நீங்கள் எதிரில் இருந்திருந்தால் இன்று பெரிய சண்டை பிடித்திருப்பேன். சண்டை பிடிக்க ஆள் இல்லை என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய துக்கம்.

சஃப்ரினாவுக்கு கிளினிக் கதை தெரியாது. சொல்ல வாய் எடுத்தேன். அவள் உங்கள் சேலையின் கரையை வீணாக்காமல், ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் வரும்படி பார்த்துப் பார்த்து வெட்டிக்கொண்டிருந்தாள். அந்த நாட்களில் தான் செய்த ஒரே நல்ல காரியம் அந்த நடைதான் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதை நான் பறிக்கவா? விழுங்கிவிட்டேன். உங்களிடம் சொல்லியாகிவிட்டது, இனி யாரிடமும் சொல்லமாட்டேன்.

வகுப்பு முடியும்போது டஸ்டர்கள் எல்லாம் தயாராகின. அத்தனையும் கோணல். ஒரு பிள்ளை, துணிக்கடையில் நிற்கிறவள், இன்றுதான் எனக்கு அறிமுகம், படியிறங்கப் போனவள் நின்று திரும்பிக் கேட்டாள்: "நாளைக்கும் நீங்க வருவீங்கதானே மிஸ்?"

நாளை புதன்கிழமை. எனக்கும் இப்போது பிரஷர் கிளினிக் இருக்கிறது; போனால் நாள் முழுதும் போய்விடும். புதிய தொகுதியின் முதல் வாரம், போகாமல் விடுவோம் என்று நேற்றே முடிவு கட்டியிருந்தேன். "ஓம்" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இல்லைப் பிள்ளை," என்றேன். "நாளைக்கு எனக்கு கிளினிக். நான் வரமாட்டேன். சஃப்ரினா மிஸ் இருப்பா. அவவுக்கும் ஒரு நாள் ஏலாட்டி, உங்களுக்குச் சொல்லுவா. நீங்களும் வர ஏலாட்டிச் சொல்லிப்போட்டு வீட்டில இருங்க. கதவு அடுத்த நாளும் இங்கதான் இருக்கும்."

ஏதோ நடக்கப் போகிறது என்று நான் பயந்துகொண்டு நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. "சரி மிஸ்" என்றாள். மற்றவர்களும் "சரி மிஸ்" என்றார்கள். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, சிரித்துக் கதைத்தபடி படியிறங்கிப் போனார்கள்.

அவ்வளவுதான் அக்கா. இவ்வளவு லேசான காரியம்.

டஸ்டர்களில் மிகக் கோணலான ஒன்றை எடுத்து வந்திருக்கிறேன். ஓரத்தில் கத்தரிப்பூக் கரை தெரிகிறது. மணமும் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதைக் கைப்பையில், கிளினிக் கொப்பிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். நாளைக் காலை என் நம்பரைக் கூப்பிடும்வரை மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் இருப்பேன். உங்களுக்கும் சேர்த்துத்தான்.

உங்கள்,
சின்ன மிஸ்