மயில் கிளப்பும் சின்னமுத்துவின் சப்பாத்தும்

மஹய்யாவ, கண்டி
தாது வருஷம், ஆவணி 9

அன்பு மகன் அழகையாவுக்கு அம்மா வீரம்மா எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் நானும் உன் பெண்சாதி ரத்தினம்மாவும் உன் மகளும் மூச்சும் பேச்சுமாக இருக்கிறோம். திருக்கோணமலை உப்புக்காற்றில் வேலை பார்க்கிற நீயும் உடம்பு கெடாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், அப்படி இல்லையென்றால் மறைக்காமல் எழுது. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணலாக இருந்தால் நீயும் தலையைக் கோணலாக வைத்து வாசி. இங்கே மழை விடவில்லை, அடுப்புக்கு மேலே தகரம் ஒழுகுகிறது, ரத்தினம்மாவுக்கு இருந்த இருமல் கொத்தமல்லி அவித்துக் கொடுத்ததில் இறங்கிவிட்டது. உன் மகளுக்கு வாய் நீண்டுபோச்சு, அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நடராஜா முதலாளியின் ஆள் மோட்டார்க் காரில் நம்ம வீட்டு வாசலுக்கே வந்தான். நீ அங்கே கப்பல்காரர்களோடு பந்தடித்துக் கோல் மேல் கோல் போடுவதை யாரோ முதலாளி காதில் ஓதியிருக்கிறார்கள். நீ அவருடைய மயில் கிளப்புக்கு ஆட வந்தால் பஸ் கம்பெனியில் வேலையாம், ஸ்டேஷன் பக்கம் இரண்டு அறை வீடாம். பெற்றவளிடம் கேட்டுவிட்டு உனக்கு எழுதலாம் என்று வந்தானாம், மரியாதை தெரிந்தவன் மாதிரி. நான் கதிரை போடவில்லை. ரத்தினம்மா போட்டாள். அவன் உட்கார்ந்தான், நான் நின்றேன். மகனுக்கு எழுதிக் கேட்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

நடராஜாவை எனக்கு இன்றைக்கு நேற்றா தெரியும்? அவன் ஒற்றை பஸ் வைத்திருந்த காலத்தில் மைதானத்தில் என்னிடம் அவிச்ச கடலை வாங்கித் தின்றுவிட்டு, கிழவி கடலையில் மண் இருக்கிறது என்று சனத்துக்கு முன்னால் துப்பினான். நான் அப்போது கிழவியும் இல்லை, கடலையில் மண்ணும் இல்லை. மூன்று தண்ணீர் விட்டுக் கழுவுகிறவள் நான். அவன் மறந்திருப்பான், நான் மறக்கவில்லை. ஆனால் மைதானத்தில் நான் மயில் கிளப்பைக் கூ அடித்துக் கேலி செய்வது அதற்காக மட்டும் இல்லை, கண்டிச் சனம் முழுக்க அடிக்கிறதே, அவர்கள் எல்லாருமா கடலை வித்தார்கள்? ஜெயிக்கிறான் என்ற பொறாமை என்று ரத்தினம்மா சொல்கிறாள். பிலிமத்தலாவைப் பையன்கள் வந்து நம்ம மஹய்யாவப் பையன்களுக்கு நாலு கோல் போட்டுவிட்டுப் போகவில்லையா? அன்றைக்கு அவன்களுக்கும் கடலை கொடுத்து, மேலே ஒரு பிடியும் போட்டேன். அவன்கள் நாக்குத் தள்ள ஓடி ஜெயித்தவன்கள். இவனுடைய ஆட்கள் ஜெயித்துவிட்டுக் கொட்டாவி விடுகிறான்கள் அழகையா. அரை நேரத்துக்கு முன்னாலேயே ஐந்து கோல் போட்டுவிட்டால் சனம் குடையை விரித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறது, என் கடலை ஆறிப்போய் கூடையில் கிடக்கிறது. இழுபறியான ஆட்டத்தில்தான் மனுஷன் என்ன தின்கிறோம் என்று தெரியாமல் தின்பான்.

அக்குறணை பாரூக்கை உனக்கு ஞாபகம் இருக்கும், உன்னுடைய எத்தனையோ பந்தைப் பாய்ந்து பிடித்தவன். அவனையும் நடராஜா இழுத்துக்கொண்டான். ஆட விடுகிறானா? மயில் சட்டையும் காலுக்கு வெள்ளை மேசும் மாட்டி வாங்குப் பலகையில் உட்கார வைத்திருக்கிறான். ஏனப்பா சும்மா இருக்கிறாய் என்று கேட்டேன். நான் அக்குறணைக்கு ஆடக்கூடாது என்றுதான் என்னை வைத்திருக்கிறார்கள் ஆச்சி, எனக்கு உட்காருகிற உத்தியோகம், கடலை தாங்க என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான், ஆனால் கடலையைத் தின்னவில்லை, கையிலேயே வைத்திருந்தான். இது மட்டுமா, நம்ம பையன்கள் ஆட்டத்துக்கு முன்னால் பந்தை மஞ்சள் துணியில் கட்டி அம்மன் காலடியில் வைத்து ஒரு தேங்காய் உடைப்பது உனக்குத் தெரியும். இந்தத் தடவை நடராஜா நம்ம கோயிலுக்கே லொறியில் தேங்காய் கொண்டுவந்து இறக்கினான். அம்மனையும் மயில் கிளப்பில் சேர்த்துவிடலாம் என்று பார்த்தான் போல. அவன் உடைத்த தேங்காயில் மஹய்யாவ முழுக்க ஒரு வாரம் சம்பல் தின்றது. நானும் தின்றேன், ஏன் பொய் சொல்ல வேண்டும், தேங்காய் என்ன பாவம் செய்தது.

அதற்குப் பிறகு போன சனிக்கிழமை நமக்கும் அவர்களுக்கும் ஆட்டம், கொட்டுகிற மழை. உன்னோடு ஒரே பந்தை உதைத்து வளர்ந்த சின்னமுத்து போன வருஷம் மயில் கிளப்புக்குப் போனானே, அன்றிலிருந்து நான் அவன் முகத்தில் முழிப்பதில்லை. பிறந்ததிலிருந்து வெறுங்காலோடு பந்தடித்தவனுக்கு அவர்கள் புதுச் சப்பாத்து மாட்டி விட்டிருந்தார்கள். பந்து அவன் காலடியில், நம்ம கோல் காக்கிறவன் சேற்றில் விழுந்து கிடக்கிறான், முன்னால் யாருமே இல்லை. ஓங்கி ஒரு உதை விட்டான் பார். பந்து சேற்றில் அப்படியே இருக்கிறது, சப்பாத்து பறந்து கோலுக்குள் போய் விழுந்தது! நம்ம இராமையாதான் இப்போது நம்ம பக்கத் தலைவன், அவன் விளையாட்டை மறந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். சப்பாத்துக் கோல், சப்பாத்துக் கோல் என்று மைதானம் இடிந்து விழுந்தது. யாரும் குடையை விரித்துக்கொண்டு கிளம்பவில்லை, கூடையில் அடியில் ஒரு பிடிதான் மிச்சம். கடைசியில் மூன்றுக்கு ஒன்று என்று அவர்கள்தான் ஜெயித்தார்கள், ஆனால் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் அந்தக் கணக்குத் தெரியாது, சப்பாத்துதான் தெரியும். உன் மகள் மட்டும் மயில் சட்டை அழகாக இருக்கிறதென்று அந்தப் பக்கத்துக்குக் கை தட்டினாள். அன்றைக்கு அவளுக்குக் கடலை கிடையாது என்று சொல்லிவிட்டேன். குழந்தையிடம் போய்க் கோபமா என்கிறாள் ரத்தினம்மா. நடராஜாவும் ஒரு காலத்தில் குழந்தைதான்.

ஆட்டம் முடிந்து சின்னமுத்து கூடைக்குப் பக்கத்தில் வந்து நின்றான், ஒரு காலில் சப்பாத்து, ஒரு கால் வெறுங்கால். மழையில் இதைக் கழற்றிவிட்டு ஆடுகிறேன் என்று கேட்டேன் அத்தை, என் கிளப்பில் கூலிக்காரன் மாதிரி ஆடக்கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார் என்றான். அடியில் கிடந்த கடலையை வழித்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். மறுநாள்தான் நம்ம வாசலுக்கு மோட்டார்க் கார் வந்தது. இப்போது சின்னமுத்துவுக்குப் பாரூக் பக்கத்தில் உட்காருகிற உத்தியோகம். நீ யாருடைய இடத்துக்கு வருகிறாய், நாளைக்கு உன் கால் சறுக்கினால் எந்த வாங்கில் உட்காருவாய் என்று தெரிந்துகொண்டு வா.

வா என்றுதான் எழுதுகிறேன். வராதே என்று எழுதத்தான் தாளை எடுத்தேன். ரத்தினம்மா உன்னிடம் வாய்விட்டுக் கேட்க மாட்டாள், இரண்டு வருஷமாகக் கேட்கவில்லை. ஆனால் அந்த ஆளுக்குக் கதிரை போட்டபோது தூசி இல்லாத இடத்தையும் முந்தானையால் துடைத்தாள். அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு எழுத வரவில்லை. கையெழுத்துப் போடும் முன்னால், மழை பெய்தால் வெறுங்காலோடுதான் ஆடுவேன் என்று சொல்லி நடராஜா வாயால் சம்மதம் வாங்கு. வரும்போது நல்ல கருவாடு கொண்டுவா, இங்கே கிடைப்பது வெறும் முள். அம்மன் உன் காலையும் கையையும் காப்பாள். வீட்டுக்கு வந்தால் நீ என் பிள்ளை, சோறு போடுவேன், தைலம் தேய்ப்பேன். ஆனால் நீ மயில் சட்டையோடு நமக்கு எதிராக இறங்குகிற அன்றைக்கு மைதானத்தில் எல்லாருடைய கூச்சலுக்கும் மேலே ஒரு கூ கேட்டால் யார் என்று திரும்பிப் பார்த்து நிற்காதே, பந்தைப் பார்.

இப்படிக்கு
அந்தக் கூவை அடிக்கப்போகிற உன் அம்மா
வீரம்மா