தபீதாள் வீட்டில் குங்குமம் இல்லை

சிட்லபாக்கம்,
12.11.95

பாபுவுக்கு அம்மா எழுதுவது.

நீ வேலை பார்க்கும் கம்பெனி பழைய ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்து, புது லேபிள் ஒட்டி, தபாலில் விற்கிறது. முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்பதை மறந்துவிடவில்லை. நானும் அப்பாவும் இருக்கிறோம், ஏரி நிரம்பி நம் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், மழையோடு அப்பாவுக்கு மூட்டு வலியும் வந்திருக்கிறது, உன் தங்கைக்கு ஏழாம் மாதம், வளைகாப்புக்கு நாள் பார்த்தாகிவிட்டது. உனக்கு உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். அது வேறு, இது வேறு.

ஆனி மாதம் லீவில் வந்தாயே, அப்போது அந்த வழவழப்பான விளம்பரத் தாள்களைக் கட்டாகக் கொண்டுவந்தவன் நீதான். மெட்ராஸ் கடைகளில் சொல்வதுதான் விலை, நாங்கள் டில்லியிலிருந்து நேராக அனுப்புகிறோம், ஒரு வருஷத்துக்குள் கெட்டால் கேள்வி கேட்காமல் வேறு தருவோம் என்று சோறு சாப்பிடும்போதுகூடச் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் நம்பினேன். தாம்பரத்தில் பாதிப் பேருக்கு நான் கணக்கு டீச்சர், நான் சொன்னால் கேட்பார்கள், அதனால் நானே இரண்டு இடத்துக்குப் போய்ச் சொன்னேன். ஒன்று, மார்க்கெட் பக்கம் கம்ப்யூட்டர் வைத்துக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கேசவன். இன்னொன்று, கேம்ப் ரோட்டில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தும் தபீதாள். உனக்கு லோயர், ஹையர் இரண்டும் பாஸ் பண்ணிக் கொடுத்தவளே அவள்தான், நினைவிருக்கும் என்று நினைக்கிறேன். இனிமேல் யார் டைப் மெஷினில் வந்து உட்காரப் போகிறார்கள், கம்ப்யூட்டர் கிளாஸ் ஆரம்பி, பழைய கம்ப்யூட்டரை வாங்கிப் புது ஹார்ட் டிஸ்க் போட்டுக்கொள், என் பையன் கம்பெனியிலேயே கிடைக்கும் என்று நான் சொன்னதைக் கேட்டு, அவள் மெஷின்களையெல்லாம் விற்றாள். கேசவன் இன்னும் ஒரு படி மேலே போய், "ஒங்க புள்ள கம்பெனின்னா கண்ண மூடிக்கினு வாங்கலாம் டீச்சரம்மா" என்றான். அவன் கண்ணை மூடிக்கொள்ள வைத்தது நான்தான்.

இந்த வி.பி.பி. என்கிற ஏற்பாடு யார் மூளையில் உதித்தது என்று தெரியவில்லை. முழுப் பணத்தையும் தபால்காரர் கையில் கொடுத்தால்தான் பெட்டியைத் தொடலாம். பிரித்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கிறேன் என்றாள் தபீதாள். "அதெல்லாம் நடக்காதும்மா, துட்டு குட்த்தாத்தான் கயித்த அவுக்கணும், உள்ள செங்கல்லு இருந்தாலும் நான் பொறுப்பில்ல" என்று சிரித்தார் தபால்காரர். செங்கல்லாக இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும், அன்றைக்கே தெரிந்திருக்கும். அவள் டிஸ்க் ஒரே ஒரு நாள் ஓடியது. ஓடியபோது திறந்து பார்த்தால் உள்ளே யாரோ விளையாடிவிட்டுப் போன சீட்டாட்டமும், யாருக்கோ அடித்த இந்திக் கல்யாணப் பத்திரிகையும். மறுநாள் காலை பல் கடிப்பதுபோல் டக் டக் என்று சத்தம் போட்டுவிட்டு நின்றுபோனது. புதுப் பெட்டிக்குள் யாருடைய கல்யாணம் பாபு?

கேசவனுக்கு ஆயுத பூஜைக்கு முதல் நாள் வந்தது. நம் ஊர்ப் பழக்கம் உனக்குத் தெரியாததா, அவன் பிரிண்டர், கத்திரிக்கோல், பேப்பர் வெட்டும் கட்டர் என எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தான், புதிதாக வந்த டிஸ்க்கையும் சாமி முன்னால் வைத்துச் சந்தனம் தடவி, நடுவில் குங்குமமும் வைத்தான். விஜயதசமி அன்று கம்ப்யூட்டருக்குள் மாட்டினால் அது மூச்சே விடவில்லை. திருப்பி அனுப்பினான். பத்து நாள் கழித்து அதே டிஸ்க் அதே பெட்டியில் வந்து நின்றது, கூடவே ஒரு மஞ்சள் சீட்டு. டிஸ்க்கின் காற்றுத் துளையைப் பூஜைப் பொடி அடைத்துவிட்டது, இது வாடிக்கையாளர் தவறு, கேரண்டி கிடையாது என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா, கேசவனைத்தான் திட்டினேன். மெஷினுக்கு எதுக்குடா சந்தனம், படிக்காத வேலை பண்ணிவிட்டு என் பிள்ளை கம்பெனியைக் குறை சொல்கிறாயே என்று அவன் கடையில் நாலு பேர் நிற்கும்போது கேட்டேன். "தப்புதாம்மா, சாமிய நம்புனேன், டில்லிய நம்புனேன், ரெண்டும் சேந்துக்கினு கைய விரிச்சிடுச்சு" என்றான். அதற்கும் சேர்த்துத் திட்டிவிட்டு வந்தேன்.

அதற்கு அடுத்த வாரம் தபீதாள் அனுப்பிய டிஸ்க்கும் திரும்பி வந்தது. அதே மஞ்சள் சீட்டு, அதே பூஜைப் பொடி, ஒரு எழுத்து மாறவில்லை. அவள் சீட்டை என் கையில் கொடுத்துவிட்டு, "டீச்சர், எங்க வீட்ல ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறத தவிர வேற ஒண்ணும் கிடையாது. என் நெத்தியிலயே நான் பொட்டு வெச்சதில்ல, டிஸ்க்குக்கு வைப்பேனா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பரீட்சைத் தாளில் தப்பாகத் திருத்திய கணக்கைக் காட்டுகிற பிள்ளை மாதிரி சொன்னாள். கேசவன் குங்குமம் வைத்தது உண்மை. ஆனால் அவன் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அந்தச் சீட்டுதான் வந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. தீபாவளிக்கு முன்னால் உனக்கு இதை எழுதிக் கேட்டேன். நீ ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினாய், அதில் தங்கக் கலரில் ஒரு விளக்கு இருந்தது, விஷயம் இல்லை.

போன வெள்ளிக்கிழமை தபீதாளைக் கூட்டிக்கொண்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். மழையில் லைன் கிடைக்கவே நேரமாயிற்று. உங்கள் ஆபீசில் ஒரு பெண் எடுத்தாள். தபீதாள் இங்கிலீஷில் நிதானமாக, நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்கள் வீட்டில் பூஜை கிடையாது, தயவுசெய்து டிஸ்க்கை இன்னொரு தரம் பாருங்கள் என்றாள். அந்தப் பெண் ஏதோ சொன்னாள், தபீதாளின் முகம் மாறியது. நன்றி சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தாள். என்ன சொன்னாள் என்று கேட்டேன். "லைன் கிளியரா இல்ல டீச்சர், அப்புறம் பேசிக்கலாம்" என்றாள். நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, பூத்துக்காரனுக்குக் காசும் அவளே கொடுத்தாள். லைன் நன்றாகத்தான் இருந்தது பாபு. நான் பக்கத்தில்தான் நின்றேன், உன் பெயர் என் காதிலேயே விழுந்தது. ரோட்டில் நிறுத்திக் கேட்டபிறகுதான் சொன்னாள். உங்கள் ஊரில் எல்லாரும் மெஷினுக்குப் பவுடர் வைப்பார்கள், எங்கள் சிட்டிபாபு சார் மெட்ராஸ்காரர், அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார், தமிழ்நாட்டிலிருந்து திரும்பி வருவதற்கெல்லாம் அந்தச் சீட்டுதான் என்றாளாம். சொல்லிவிட்டு, "தம்பி வேணும்னு செஞ்சிருக்காது டீச்சர்" என்று எனக்கே சமாதானம் சொன்னாள். அவளுக்கு நஷ்டம், எனக்கு ஆறுதல். இதைவிடக் கேவலம் எனக்கு நடந்ததில்லை.

அந்த ஆபீசில் மெட்ராஸ்காரன் நீ ஒருவன்தான் என்று நீயே பெருமையாக எழுதியிருக்கிறாய். உன் சைக்கிளுக்கும் ஜியோமெட்ரி பாக்ஸுக்கும் வருஷா வருஷம் பொட்டு வைத்தது என் கை. அதைக் கொண்டுபோய் அங்கே ஒரு தந்திரமாக விற்றிருக்கிறாய். டில்லிக்காரனுக்கு நம் வீட்டுப் பூஜை எப்படித் தெரியும், நீ சொல்லாமல்? பாங்குக்காரனும் சர்க்கார் ஆபீசும் நேரில் வந்து மேஜையைத் தட்டுவார்கள், அவர்களுக்குப் புது டிஸ்க். கேம்ப் ரோட்டில் இருப்பவள் ரயிலேறி வந்து கேட்கமாட்டாள், வழக்கு எதுவானாலும் டில்லி கோர்ட்டில்தான் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறீர்கள், அவளுக்குப் பழசு. திரும்பி வந்தால் குங்குமம். உங்கள் வியாபாரம் எனக்குப் புரிந்துவிட்டது, பெரிய கணக்கு ஒன்றும் இல்லை.

அப்பா சொல்கிறார், "அவன் வேலைக்குப் புதுசு, மேல இருக்கவன் சொன்னதச் செஞ்சிருப்பான், இதப் போய்ப் பெருசு பண்ணாத" என்று. மேலே இருப்பவனுக்குக் குங்குமம் என்றால் என்னவென்றே தெரியாது என்றேன். பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். இந்த வீட்டில் ஆம்பளைகள் இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் ஒரு பேப்பர் கிடைத்துவிடுகிறது. தபீதாளின் இன்ஸ்டிட்யூட்டில் இப்போது டைப் மெஷின் இல்லை, கம்ப்யூட்டர் ஓடவில்லை, சேர்ந்த பிள்ளைகள் வேறு இடம் போய்விட்டார்கள். போர்டை மட்டும் இன்னும் இறக்கவில்லை, தினமும் கதவைத் திறந்து பெருக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் ஸ்கூலுக்கு அந்த வழியாகப் போவதை விட்டுவிட்டு, ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டு போகிறேன். கேசவனிடம் போய் மன்னிப்புக் கேட்டாயிற்று. "வுடு டீச்சரம்மா, குங்குமத்த இன்னா கோர்ட்டுக்கா இழுக்க முடியும்" என்று டீ வாங்கிக் கொடுத்தான். அந்த டீயைக் குடித்து முடிப்பது எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

வளைகாப்புக்கு நீ வர வேண்டும். வந்தால் முதலில் நம் வீட்டுக்கு வராதே, கேம்ப் ரோட்டில் இறங்கி, நல்ல டிஸ்க் ஒன்றை அவள் மேஜையில் வைத்துவிட்டு வா. டில்லியில் குளிர் ஆரம்பித்திருக்கும், நான் பின்னி அனுப்பிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொள், ராத்திரியில் மோர் சேர்க்காதே. நன்றாக இரு, நேராக இரு. இரண்டாவது இருந்தால்தான் முதலாவதற்கு என் ஆசீர்வாதம்.

உன் அம்மா,
து. சரோஜினி

பி.கு.: என் விலாசம் எழுதிய இன்லேண்ட் லெட்டர் ஒன்று உள்ளே வைத்திருக்கிறேன். போன மாதமும் வைத்திருந்தேன். பக்கம் பக்கமாக எழுத வேண்டாம், ஒரு வரி போதும், அதை அப்படியே தபீதாளிடம் படித்துக் காட்டுவேன். அவள் டிஸ்க்கில் குங்குமம் இருந்ததா, இல்லையா?