வெள்ளிச்சட்டைக்காரி வாயைத் திறக்கவில்லை

என் ஜமுனாவுக்கு,

ஐப்பசி வந்தால் நீ கண்ணை மூடி ஒரு வருஷம். பனகல் பார்க்கைத் தாண்டும்போது இன்னும் என் பக்கத்தில் உனக்கு இடம் விட்டே நடக்கிறேன்.

நம் விண்வெளித் தொடரை மறுபடி போடுகிறார்கள், தெரியுமா? போன ஞாயிறு சாயங்காலம் ஜவுளிக்கடை அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அவர் டிவிப் பெட்டியின் மரக்கதவைத் திறக்க, தெருவே வந்து தரையில் உட்கார்ந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் உன் இடத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை.

அந்த இங்கிலீஷ் நம் யாருக்கும் பிடிபடாது. எல்லாப் பாத்திரத்துக்கும் நீதான் தமிழில் பேசுவாய். வெள்ளிச்சட்டை போட்ட வேற்றுக்கிரகப் பெண்ணைக் கேப்டன் தன் கப்பலுக்குக் கூட்டிப்போகும் கட்டம் நினைவிருக்கிறதா?

"ஏ பிள்ள, அவ என்ன சொல்லுதா?" என்பார் அண்ணாச்சி.

"'நான் வரலை, எனக்கு இங்கே வேலை இருக்கு. வேணும்னா நீங்க இங்கே இருங்க'ன்னு சொல்றா."

"பொறவு ஏன் கப்பல்ல ஏறுதா?"

"வழியனுப்பத்தான் அண்ணாச்சி. அடுத்த கிரகத்துல இறங்கிடுவா!"

கூடம் முழுக்கச் சிரிக்கும். நான் மட்டும் அப்படியே நம்பினேன். அந்த வசனத்தை நோட்டில் எழுதிக்கூட வைத்தேன்.

இப்போது என் இங்கிலீஷ் கொஞ்சம் தேறியிருக்கிறது. கவனமாகக் கேட்டேன். அவளைக் காதலிப்பதாகக் கேப்டன் சொல்கிறான். தன்னோடு வருவாள் என்று தன் ஆட்களிடமும் சொல்கிறான். அவளை யாரும் கேட்கவில்லை. அவள் வாயைத் திறக்கவே இல்லை, ஜமுனா. அத்தனையும் நீ பேசியதா?

இரண்டு நாள் கழித்து உன் வசந்தா அக்காவைப் பெண் பார்க்க அடையாறிலிருந்து வந்தார்கள். பெரியப்பா சம்மதம் என்றார். அவர்களும் சம்மதம் என்றார்கள். பெரியம்மா வெற்றிலைத் தட்டை எடுக்க எழுந்தார். அக்கா தலைகுனிந்து பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "அக்காவுக்கு இஷ்டமில்லை" என்று சொல்லிவிட என் நாக்கு துடித்தது. உன் வசனம்தான் தயாராக இருந்ததே! ஏனோ, "உனக்கு, அக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"பெரியவங்க பேசற இடத்துல உனக்கென்னடி?" என்றார் பெரியம்மா.

அக்கா நிமிர்ந்தாள். "எனக்கு அவரைப் பிடிச்சிருக்குப்பா. ஆனா டீச்சர் டிரெயினிங் முடியட்டும். ஒரு வருஷம் காத்திருப்பாரா, கேளுங்க."

"காத்திருக்கேன்" என்றார் மாப்பிள்ளை, தட்டில் இருந்த பஜ்ஜியைப் பார்த்து. அவர் அம்மாவிடமிருந்துதான் இன்னும் பதில் வரவில்லை.

பிடித்திருக்கிறது என்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. உன் வசனத்தை அவளுக்காகப் பேசியிருந்தால் நானும் அந்தக் கேப்டன் மாதிரிதானே?

அடுத்த ஞாயிறு என்னைத் தமிழில் பேசச் சொல்லிச் சின்னப் பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். உன் இடத்தில் உட்காரப்போகிறேன், கோபமில்லையே? வெள்ளிச்சட்டைக்காரி சும்மா நிற்கும்போதெல்லாம், "இவளை இன்னும் யாரும் கேக்கலை" என்று உரக்கச் சொல்வேன். அண்ணாச்சி எவ்வளவு கேலி செய்தாலும் சரி. இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன்னைவிட மூன்றே மாதம் சின்னவள்,
உன் சித்தி மகள் கோமதி