வாக்குக்கு வளர்த்த சேவல்

அண்ணே,

காலையில் மழை விட்டதும் பின்கட்டுக் கதவைத் திறந்தேன். நனைந்த இறகும் ஊறிய தவிடும் கலந்த அந்த வாசம் முகத்தில் வந்து அடித்தது. வேறு யாராக இருந்தாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடியிருப்பார்கள். எனக்கு உங்கள் கட்டம் போட்ட கைலியும், "தம்பி, துவாலைய எடுத்துட்டு வா லா, இவன் கால் ஈரமா இருக்கு" என்ற குரலும்தான் ஞாபகத்துக்கு வந்தன.

துவாலையை எடுத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தேன். நம் சேவல் தவுக்கேயை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு விரல்களுக்கு நடுவே அப்பியிருந்த சேற்றைத் துடைத்தேன். விரல் நுனி வரைக்கும் இறகு முளைத்த கால் அல்லவா, ஈரம் நின்றால் புண் வைத்துவிடும். என் வீட்டுக்காரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என் காலை ஒரு நாளாச்சும் இப்படித் தொடச்சி விட்டிருப்பீங்களா?" என்றாள். அண்ணியும் உங்களை இதையேதான் கேட்டார்கள். "உனக்குக் கால்ல எறகு மொளைக்கட்டும், தொடச்சி விடுறேன்" என்று சொல்லிவிட்டு நீங்கள் சிரித்தீர்கள். எனக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. அடுத்த காலை எடுத்தேன்.

டத்தோ கிராமாட்டில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடு நம்முடையது. நான் மாதா கோயிலுக்குப் போகிறவன், நீங்கள் பள்ளிவாசலுக்குப் போகிறவர். இரண்டு வீட்டுக்கும் பொதுவாகப் பின்னால் ஒரு கோழிக்கூடு. கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டில் சமைக்கிற கோழியை நீங்கள்தான் பிஸ்மி சொல்லி அறுப்பீர்கள். அப்படி அறுத்தால்தான் ஒரே சட்டியிலிருந்து இரண்டு குடும்பமும் எடுத்துச் சாப்பிட முடியும். பாசாரில் ஹலால் கோழி உரித்தே கிடைக்கிற காலம் வந்த பிறகும் நீங்கள் விடுவதாக இல்லை. "கிறிஸ்மஸுக்குக் கடைக் கோழியா? மானம் போயிரும் தம்பி. நாம வளர்த்தது, நான் அறுக்கணும், உன் வீட்டுச் சட்டியில வேகணும்" என்பீர்கள். சாப்பாட்டுக் கடை நடத்தி ஓய்ந்த மனிதர். சட்டி விஷயத்தில் உங்களோடு யார் பேசி ஜெயிக்க முடியும்?

பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி, மருமக்களும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து இரண்டு வீட்டுக் கூட்டமும் பெருத்துவிட்டது. கம்போங் கோழி, அதுதான் நம் நாட்டுக்கோழி, எத்தனை அறுத்தாலும் கழுத்தும் காலும்தான் நமக்கு மிஞ்சியது. உங்களுக்கு வந்தது பாருங்கள் ஓர் ஆசை. பாலிக் புலாவில் ஒருவர் பிரம்மா கோழி வளர்க்கிறார், ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கிறதாம் என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போனீர்கள். ஒரு சேவல் குஞ்சும் நாலைந்து பெட்டைக் குஞ்சுகளும் அட்டைப் பெட்டியில் வந்து இறங்கின. குஞ்சுக்கு இன்னும் தொண்டை கூடத் திறக்கவில்லை, நீங்கள் லிட்டில் இந்தியாவுக்குப் போய்க் கிறிஸ்மஸ் மசாலாவுக்குச் சாமான் வாங்கி வந்துவிட்டீர்கள்.

அவன் வளர்ந்த வளர்த்தியைப் பார்த்து நாம் இரண்டு பேரும் மதி மயங்கிப் போனோம். கல்லாவை விட்டு இறங்கி வருகிற முதலாளி நடை. அந்த நடைக்காகவே தவுக்கே என்று பெயர் வைத்தீர்கள். கம்போங் கோழிக்குக் கட்டுகிற மாதிரி உயரத்தில் கம்பு கட்டினீர்கள். அவன் அங்கிருந்து தொப்பென்று குதித்து நொண்டினான். கம்பை முழங்கால் உயரத்துக்கு இறக்கினீர்கள். வெயில் ஏறினால் தண்ணீரில் ஐஸ் கட்டி போட்டீர்கள். எனக்கு ஒரு நாளும் ஐஸ் போட்டுத் தண்ணீர் தந்ததில்லை, அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதல் கிறிஸ்மஸுக்குக் கத்தியைத் தீட்டி, சட்டைக் கையை மடித்துவிட்டு, அவனைத் தூக்கி நெஞ்சைத் தடவினீர்கள். உங்கள் முகம் போன போக்கு இருக்கிறதே! "தம்பி, இங்க கை வச்சிப் பாரு" என்றீர்கள். வைத்துப் பார்த்தேன். இறகுக்குள் கை போய்க்கொண்டே இருந்தது, கடைசியில் எலும்புதான் தட்டுப்பட்டது. பெரிய சாதி முதலில் எலும்பைத்தான் வளர்க்கும், சதை பிடிக்க ஒரு வருஷத்துக்கு மேலாகும் என்று அன்று சாயங்காலம் அந்த பாலிக் புலாவ்காரர் போனில் சொல்லிச் சிரித்தார். நாம் இரண்டு பேரும் பிராய்லர் கணக்கில் மாதத்தை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறோம். அந்த வருஷம் கம்போங் கோழிகளை அறுத்தீர்கள். ஆளுக்கு ஒரு துண்டுதான் வந்தது. சட்டியைப் பார்த்துக்கொண்டே எல்லார் முன்னாலும் சொன்னீர்கள்: "அடுத்த கிறிஸ்மஸுக்கு இந்தப் பெரிய கோழிதான். எல்லாரும் வயிறு நிறையச் சாப்பிடணும். இது என் வாக்கு."

அடுத்த வருஷம் நடுவில்தான் உங்களுக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது நடை திரும்பிவிட்டது, பேச்சும் திரும்பிவிட்டது, வலது கை நடுக்கம் மட்டும் போகவில்லை. கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் நீங்களே என்னைக் கூப்பிட்டீர்கள். "வாக்கு வாக்குதான். பிடி அவன." நான் பிடித்துக்கொண்டேன். என்ன கனம்! அவன் நம்மை நம்பி என் கைக்குள் கண்ணைச் சொருகிக்கொண்டு கிடந்தான். கத்தியை அவன் பார்க்காதபடி முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தீர்கள், எப்போதும் அப்படித்தான். பிஸ்மி சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திவிட்டீர்கள். கத்தி முனை ஆடிக்கொண்டிருந்தது.

"முடியாது தம்பி. ஒரே இழுப்புல முடியணும். கை நடுங்குனா இந்த ஜீவனுக்கு வேதனை. நாளைக்கு அல்லாகிட்ட நான் என்ன பதில் சொல்றது?"

"வேற யாரையாச்சும் கூப்பிடட்டுமா அண்ணே?"

"என் வாக்க இன்னொருத்தன் கையில குடுக்குறதா? வேணாம். விடு அவன."

விட்டேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். உங்கள் முகத்தைப் பார்த்து அதை அடக்கிக்கொண்டேன். சாயங்காலம் நீங்கள் அதே கையில் நெல்லை வைத்துக்கொண்டு அவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தீர்கள். நடுக்கத்தில் பாதி நெல் தரையெல்லாம் சிதறியது, பெட்டைகளும் ஓடி வந்து பொறுக்கின. "இந்தக் கை இப்ப இதுங்களுக்கு மட்டுந்தான் தோதா இருக்கு" என்று சொல்லிச் சிரித்தீர்கள். மறுநாள் கடைக் கோழிதான். நீங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தீர்கள், உள்ளே இறங்கவில்லை. எழுந்து போகும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு, "வாக்குத் தப்பிட்டேன் தம்பி" என்றீர்கள். தண்டல்காரனிடம் தவணை கேட்கிறவன் குரல் அது. எனக்குப் பொறுக்கவில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் அதிக நாள் இருக்கவில்லை. உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்து கூட்டைத் திறந்துவிட்டேன். தவுக்கே வழக்கம்போல உங்கள் வீட்டுப் பின்வாசலில் போய் நின்றான். பாவி, அவனுக்கு என்ன தெரியும்? அன்று எனக்கு வந்த அழுகையை அவன் மட்டும்தான் பார்த்தான்.

இந்த டிசம்பர் பிறந்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை அண்ணே. பெரிய கோழியைத் தருகிறேன் என்று சொன்ன வாக்கு உங்கள் பெயரில் பாக்கி நிற்கிறது. அதைத் தீர்க்க வேண்டுமானால் தவுக்கே சட்டிக்குப் போக வேண்டும். ஆள் வைத்து அறுக்கலாம். அதை நீங்களே வேண்டாம் என்று சொல்லியாயிற்று. அறுக்காமல் விட்டால் கடைக் கோழி. போன வருஷம் உங்களுக்குத் தொண்டையில் இறங்காத அந்தச் சோறு இந்த வருஷம் அண்ணிக்கு மட்டும் எப்படி இறங்கும்? கிறிஸ்மஸுக்கு முதல் நாள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு அண்ணியிடமே போய்க் கேட்டேன்.

"என்ன அண்ணி செய்யலாம்? அண்ணன் சொன்ன வாக்கு அப்படியே நிக்குது."

"நீங்க சட்டிய மட்டும் குடுத்து விடுங்க தம்பி. இந்தத் தடவை நான் ஆக்குறேன்" என்றார்கள், அவ்வளவுதான். பெரிய சட்டியைக் கழுவிக் கொடுத்துவிட்டு வந்து படுத்தவனுக்குத் தூக்கமே இல்லை. காலையில் பூசைக்குப் போகுமுன் ஓடிப் போய்க் கூட்டைப் பார்த்தேன். தவுக்கே இருந்தான். கணக்குக் குறையாமல் பெட்டைகளும் இருந்தன. அப்படியானால் கடைக் கோழிதான் என்று முடிவு கட்டிக்கொண்டேன். பூசையில் சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

நேற்று மத்தியானம் இரண்டு வீட்டு ஜனமும் எங்கள் வீட்டில் கூடியிருக்க, அண்ணி சட்டியை நடுக்கூடத்தில் இறக்கி மூடியைத் திறந்தார்கள். பிரியாணி. உள்ளே சிவக்கப் பொரித்த முட்டைகள், சோறு தெரியாத அளவுக்கு முட்டைகள். இந்தப் பெட்டைகள் தின்றுவிட்டுச் சும்மா படுத்துக் கிடக்கின்றன, முட்டையையே காணோம் என்று மாசம் பூரா அவற்றைத் திட்டிக்கொண்டிருந்தேனே! எனக்கு முன்னால் எழுந்து அத்தனையையும் எடுத்துப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள், பொல்லாத மனுஷி.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அண்ணி என் தட்டில் முட்டையை அள்ளி வைத்தார்கள்.

"என்ன பாக்குறீங்க? அவர் சொன்ன அதே பெரிய கோழிதான் தம்பி. இன்னும் குஞ்சு பொரிக்கல, அவ்வளவுதான்."

வீடே சிரித்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து புரையேறிவிட்டது. முட்டைக்கு யார் கத்தியும் வேண்டாம், யார் கையும் நடுங்க வேண்டாம். இத்தனை வருஷம் இது நம் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லையே அண்ணே! அண்ணி இரண்டாம் தடவையும் சோறு போட்டுக்கொண்டார்கள். பேரப்பிள்ளைகள் அடிச்சட்டியைச் சுரண்டுகிற வரைக்கும் விடவில்லை. ஒருத்தருக்கும் வயிறு குறையில்லை.

உங்கள் பெயரில் இனிப் பாக்கி ஒன்றும் இல்லை. கூடு இப்போது என் பொறுப்பு, காலை வேளையில் நெல் போடுவது அண்ணியின் பொறுப்பு என்று பேசிக்கொண்டிருக்கிறோம். தவுக்கேக்குப் பார்வை கொஞ்சம் மங்கிவிட்டது, கூவினால் நடுவில் இருமல் வருகிறது. அவன் தன் பாட்டுக்குக் கிழவனாகட்டும் அண்ணே, நான் பார்த்துக்கொள்கிறேன்.