சாச்சி என்று கூப்பிட்டவள்

நாரணாபுரம்
13.6.2004

அன்புத் தோழி பைரோசுக்கு,

சொர்ணம் எழுதுகிறேன். இங்கே உலை கொதிக்கிறது, என் வீட்டுக்காரர், உன் முத்துப்பாண்டி அண்ணன், என்னைத் திட்டுகிறார், ஆக எல்லோரும் நலம். அங்கே சாபிர் அண்ணன், அவருடைய வத்தல் கடை, உன் மகள் சுமைரா எல்லாம் சுகம்தானே? டெலிபோன் பூத்தில் போய்ப் பேசலாம்தான். பின்னால் நிற்கிறவன் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான். நிம்மதியாகச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. அதனால்தான் பேனா.

ரோஜாவை உன் வீட்டில் விட்டுவிட்டு வந்ததிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது. பத்தாம் வகுப்பு எங்கே படிக்க வைப்பது என்று இங்கே ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சிவகாசியில் அச்சகத்து மாடியில் டுடோரியல் இருக்கிறது என்றார் ஒருவர். சாத்தூரில் ஒரு சார் கணக்கில் புலி என்றார் இன்னொருவர். புலியிடம் பிள்ளையை விடுவதற்கு உன்னிடம் விடுவது மேல் என்று சொல்லிவிட்டேன். பகலில் உன் பள்ளி, சாயங்காலம் உன் வீட்டு டியூஷன், ராத்திரி உன் சோறு. பைரோஜா என்கிற உன் பெயரில் பாதியை எடுத்துத்தானே அவளுக்கு ரோஜா என்று பேர் வைத்தேன்? அப்படியானால் பாதிப் பொறுப்பு உன்னுடையது.

போன வாரம் எங்கள் பட்டாசுக் கம்பெனியில் ஒரு கூத்து. அதிகாரி சோதனைக்கு வருகிறார் என்று தகவல். அறைக்கு நாலு பேர்தான் என்பது சட்டம். நாங்கள் எப்போதும் அதற்கு மேல். போர்மேன் ஓடி வந்து, "கூடுதலா இருக்கவுக அம்புட்டுப் பேரும் பின்னாடி கருவேலங்காட்டுக்குள்ள போயி உக்காருங்க. சத்தம் கித்தம் வரப்படாது" என்றார். உட்கார்ந்தோம். சும்மா இருப்பானேன் என்று தூக்குவாளியைத் திறந்து பத்து மணிக்கே சாப்பிட்டுவிட்டோம். பஞ்சம்மாள் சிரித்த சிரிப்பு அந்த அதிகாரிக்கே கேட்டிருக்கும்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவள் பத்து பாஸ் பண்ண வேண்டும். பண்ணிவிட்டால் நர்ஸ் படிப்போ வேறெதுவோ, ஒரு வழி திறக்கும். இல்லையென்றால் என் பக்கத்தில் உட்கார்ந்து சரம் பின்னுவாள்.

உன்
சொர்ணம்

&nbsp;

விருதுநகர்
24.10.2004

அன்புள்ள சொர்ணத்துக்கு,

இறைவன் கிருபையால் நலம். நோன்பு நடக்கிறது. உன் மகள் நோன்பு வைக்காமலே சாயங்காலக் கஞ்சிக்கு முதல் ஆளாகக் கிண்ணத்தோடு நிற்கிறாள்.

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சித்தியைச் சாச்சி என்பார்கள். ரோஜாவும் கேட்டுக் கேட்டு என்னை அப்படியே கூப்பிடப் பழகிவிட்டாள். போன வாரம் வகுப்பில் நான் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இவள் எழுந்து, "சாச்சி, அங்கன ஒரு மைனஸ் விட்டுப்போச்சு" என்கிறாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. "இங்கன டீச்சர்னுதான் கூப்பிடணும்" என்று அதட்டி உட்கார வைத்தேன். மைனஸ் விட்டுப்போனது என்னவோ உண்மைதான்.

உன்னிடம் மறைக்கக் கூடாது. காலாண்டுத் தேர்வில் கணக்குக்கு இருபத்தெட்டுதான் வாங்கியிருக்கிறாள். முப்பத்தைந்து வேண்டும். வீட்டில் மடமடவென்று போடுகிற கணக்கைப் பரீட்சையில் பதறிப்போய்த் தப்பாகப் போடுகிறாள். மணி அடித்தாலே கை நடுங்குகிறது. போகப் போகச் சரியாகிவிடும். தேறிவிடுவாள், எனக்குச் சந்தேகம் இல்லை. பள்ளியில்தான் இந்த வருடமும் நூறு சதவீதத் தேர்ச்சி வர வேண்டும் என்று ஒரே பேச்சு. இந்த ஊரில் எல்லாப் பள்ளிக்கும் அந்தக் காய்ச்சல் உண்டு.

அன்புடன்
பைரோஜா

&nbsp;

நாரணாபுரம்
3.11.2004

அன்புத் தோழி பைரோசுக்கு,

தீபாவளி நெருங்கிவிட்டது. கடைசி ஆர்டர், கடைசி லோடு என்று நாளைக்கு நாலு முறை சொல்கிறார்கள், கடைசி வந்தபாடில்லை. கையெல்லாம் மருந்துக் கறை. இந்தத் தாளில் பட்டிருந்தால் பொறுத்துக்கொள்.

இருபத்தெட்டுக்கு அவளைத் திட்டாதே. நீயும் நானும் ஒரே பெஞ்சில் படித்த காலத்தில் நான் வாங்கியதற்கு இது எவ்வளவோ தேவலை. "தேறிவிடுவாள், சந்தேகம் இல்லை" என்று நீ எழுதியதை அவள் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "டீச்சரம்மாவே சொல்லிட்டாக, பெறகென்ன" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனார். உங்கள் பெருநாளைக்கு அவளுக்கும் புதுப் பாவாடை எடுத்திருக்கிறாயாமே. உன்னை என்ன சொல்வது!

உன்
சொர்ணம்

&nbsp;

விருதுநகர்
21.11.2004

அன்புள்ள சொர்ணத்துக்கு,

சுற்றி வளைத்து எழுத எனக்கு வரவில்லை. கணக்கில் தேறுவது சந்தேகம் என்று பத்தாம் வகுப்பில் எட்டுப் பிள்ளைகளின் வீட்டுக்கு டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்புகிறார்கள். பொதுத்தேர்வுக்குப் பெயர் அனுப்புவதற்குள் நீக்கிவிட வேண்டுமாம். ரோஜாவும் அதில் ஒருத்தி. பிரைவேட்டாக, தனித்தேர்வராக எழுதிக்கொள்ளலாம். அதே கேள்வித்தாள்தான். பள்ளிக்கூடத்தின் பெயர் மட்டும் இருக்காது.

என் பாடம் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். "எட்டும் பாஸ் ஆகும்னு எழுதிக் குடுங்க டீச்சர், வச்சிக்கிடுவோம்" என்றார் தாளாளர். எழுத்தில் எப்படிக் கொடுப்பேன்? எட்டுப் பேரில் என் பிள்ளைக்கு மட்டும் தனியாகக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. பேசாமல் நின்றுவிட்டு வந்தேன்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அவள் என் வீட்டிலேயே இருக்கட்டும். நானே சொல்லிக் கொடுக்கிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நீ வந்து சொன்னால்தான் தாங்குவாள்.

அன்புடன்
பைரோஜா

&nbsp;

நாரணாபுரம்
2.12.2004

மதிப்பிற்குரிய பைரோஜா டீச்சர் அவர்களுக்கு,

ரோஜாவைக் கூட்டிப்போகத்தான் அன்றைக்கு உன் வீட்டுக்கு வந்தேன். சாபிர் அண்ணன் கொடுத்த காபியைக் குடித்தேன், பெட்டியை எடுத்துக்கொண்டேன், வந்துவிட்டேன். ரோஜாவிடம் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூடப் படிக்கிற பிள்ளைகளே சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் அவள் கேட்டது ஒரே கேள்வி. "சாச்சிக்கு முன்னாடியே தெரியுமாம்மா?" இறங்கும் வரை சன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

கருவேலங்காட்டுக் கதையை வேடிக்கையாக எழுதியிருந்தேன். நீயும் சிரித்திருப்பாய். அதிகாரி வந்தால் ஒளிந்துகொள்கிற பிழைப்பு என்னோடு போகட்டும் என்றுதான் அவளை உன்னிடம் அனுப்பினேன். படித்தவர்கள் நடத்துகிற பள்ளிக்கூடத்துக்கும் பின்னால் ஒரு கருவேலங்காடு இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. எங்கள் போர்மேனாவது, அதிகாரி போனதும் எங்களைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வார்.

என் பிள்ளைக்கு மட்டும் கேட்க வாய் வரவில்லை என்று எழுதியிருந்தாய். எட்டுப் பேருக்கும் சேர்த்துக் கேட்டிருக்கலாமே, பைரோசு.

அவளை உன் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். அச்சகத்து மாடி டுடோரியலில் சேர்த்துவிட்டேன். பெருநாள் பாவாடை உன் வீட்டுக் கொடியிலேயே கிடக்கிறது. சுமைராவின் அளவுக்குப் பிடித்துத் தைத்துக் கொடுத்துவிடு.

இப்படிக்கு
மு. சொர்ணலட்சுமி

&nbsp;

விருதுநகர்
10.4.2005

அன்புள்ள சொர்ணத்துக்கு,

பொங்கலுக்கு எழுதினேன், பதில் வரவில்லை. எதிர்பார்த்ததுதான். இதை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தனித்தேர்வர்கள் எழுதுகிற மையத்தில் என்னைக் கண்காணிப்புக்குப் போட்டிருந்தார்கள். கணக்குப் பரீட்சைக்குக் கணக்கு டீச்சர்களைப் போட மாட்டார்கள். எனக்கு அறிவியல் பரீட்சை அன்றைக்கு முறை விழுந்தது. உள்ளே போனால் சன்னலோரம் ரோஜா. மெலிந்திருக்கிறாள். விடைத்தாளைக் கொடுத்தேன். அவள் கை நடுங்கவில்லை. மணி அடித்தது, குனிந்தவள் நிமிரவே இல்லை. பாதியில் எழுந்து நின்று, "டீச்சர், அடிஷனல் பேப்பர்" என்றாள். கொடுத்தேன். வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அப்படிக் கூப்பிடச் சொல்லி அதட்டியவள் நான்தானே. வீட்டுக்கு வந்து சாபிரிடம் சொல்லி அழுதேன்.

கணக்குப் பரீட்சை எப்படி எழுதினாள் என்று ஒரே ஒரு வரி எழுது. ரிசல்ட் வந்த பிறகு ஒரு நாள் நான் அங்கே வரலாமா?

பைரோஜா

&nbsp;

நாரணாபுரம்
12.6.2005

பைரோஜாவுக்கு,

பாஸ் பண்ணிவிட்டாள். கணக்கில் எழுபத்தொன்று. அவள் அப்பா தெரு முழுக்கச் சேவும் மிட்டாயும் கொடுத்து, இங்கே இரண்டு நாளைக்கு யாருக்கும் பசி இல்லை.

டுடோரியலுக்குக் கீழே நாள் முழுக்க அச்சு மிஷின் ஓடும். அந்த இரைச்சலில் கணக்குப் போட்டுப் பழகிய பிறகு பரீட்சை மணியெல்லாம் கொசு கத்துகிற மாதிரி இருந்தது என்கிறாள். அதற்காக அங்கேதான் எல்லாம் கற்றாள் என்று சொல்ல மாட்டேன். உன்னிடம் படித்த ஐந்து மாதமும் அந்த எழுபத்தொன்றில் இருக்கிறது. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

உன் பள்ளி நூறு சதவீதம் என்று பேப்பரில் பார்த்தேன். வாழ்த்த மனசு வரவில்லை. பதினொன்றுக்கு அங்கேயே இடம் வாங்கித் தருவதாகச் சாபிர் அண்ணனிடம் சொல்லி அனுப்பியிருந்தாய். வேண்டாம். இங்கே அரசுப் பள்ளியில் சேர்ந்துவிட்டாள்.

சாயங்காலம் தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து அவளே டியூஷன் எடுக்கிறாள். தாய் தகப்பன் கம்பெனியிலிருந்து வருகிற வரைக்கும் வீடு சந்தைதான். நன்றாகப் படிக்கிறதுகளைப் பின்னால் தள்ளிவிட்டு, தேறாததை இழுத்துத் தன் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறாள். நேற்று ஒரு பொடிசு அவளை "டீச்சர்" என்று கூப்பிட்டது. "டீச்சர்னு கூப்பிடாத, அக்கான்னு கூப்பிடு. டீச்சர்னா வெளிய அனுப்பிருவாக" என்றாள். பிள்ளைகள் சிரித்தன. அவள் சிரிக்கவில்லை. நான் அடுப்படியில் கேட்டுக்கொண்டு நின்றேன்.

இதை உனக்கு எழுதலாமா என்று யோசித்தேன். நீ வருகிறேன் என்கிறாய், தெரியாமல் வரக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

எனக்குக் கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நீ இல்லாமல் யாரிடம் சண்டை போடுவது என்றும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. வா. "வா பைரோசு" என்று வாசலிலேயே நான் கூப்பிடுவேன்.

அவள் உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவாள் என்று எனக்குத் தெரியாது.

சொர்ணம்